அரூப ஓவியமும் கிறிஸ்தவ விசுவாசமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல ஆண்டுகளாக அரூப ஓவியம் வரைகிறேன். ஜெபத்தோடு வரைய விரும்புகிறவர்களுக்குச் சொல்லியும் தருகிறேன். படங்களுக்கு முன்னால் நின்று மக்கள் கேட்கிற சந்தேகங்கள் திரும்பத் திரும்ப அவையேதான். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, என்னால் இயன்ற பதிலைத் தந்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வருகின்றன, போகப்போகக் கடினமாகும்.

அரூப ஓவியம் என்றால் என்ன? பார்த்தால் வண்ணம் கொட்டிய கறைபோல்தானே இருக்கிறது?

மரம், முகம், மலை என்று பெயர் சொல்லக்கூடிய எதையும் காட்டாமல், நிறம், கோடு, தடிமன், இடைவெளி ஆகியவற்றை மட்டும் வைத்து வரையப்படும் படம் அது. தாலாட்டில் வரும் "ஆராரோ" என்பதற்கு அகராதியில் பொருள் தேடுவார் யாருமில்லை. ஆனாலும் அந்த ஒலி குழந்தைக்கு எதையோ உறுதியாகச் சொல்லிவிடுகிறது. குழந்தை அழுகையை நிறுத்துகிறது. நிறமும் அப்படிப் பேசும்.

கறைபோல் தோன்றுவது பெரும்பாலும் நாம் பார்க்கும் வேகத்தால். ஒரே படத்தின் முன் ஐந்து நிமிடம் நில்லுங்கள். ஒரு நிறம் இன்னொன்றின் மேல் எங்கே ஏறியிருக்கிறது, எங்கே தயங்கி நின்றிருக்கிறது, எந்த இடத்தைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள் என்று ஓரங்களைப் பாருங்கள். கவனமில்லாமல் வரைந்த படத்தையும் பொறுமையோடு வரைந்த படத்தையும் அந்த ஓரங்களே பிரித்துக் காட்டிவிடும்.

உருவமே இல்லாத படத்தில் இயேசு எங்கே இருக்கிறார்?

வெளிப்படுத்தின விசேஷம் நான்காம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பரலோகச் சிங்காசனத்தில் வீற்றிருக்கிறவரைக் காண்கிற யோவான், அவருடைய முகத்தையோ கண்களையோ அங்கே வர்ணிக்கவில்லை. பார்வைக்கு வச்சிரக்கல்லுக்கும் பதுமராகத்துக்கும் ஒப்பாயிருந்தார் என்கிறார். சுற்றிலும் மரகதம்போல் தோன்றும் வானவில் என்கிறார். அதாவது நிறமும் ஒளியும் மட்டுமே. எசேக்கியேலும் தன் முதல் அதிகாரத்தில் "சாயல்", "போன்ற" என்று ஒவ்வொரு சொல்லையும் தயங்கித் தயங்கித்தான் வைக்கிறார். கண்டவர்களுக்கே உருவத்தைச் சொல்லி முடிக்க இயலவில்லை.

நம் கர்த்தர் மாம்சமானவர், முகம் உள்ளவர். ஆகவே அவருடைய முகத்தை வரைகிற ஓவியத்துக்கு உரிய இடம் எப்போதும் உண்டு. அரூப ஓவியம் அதற்குப் போட்டியாக வரவில்லை. அவருடைய முகத்தைத் தேடுகிற நம் நிலையை அது வரைகிறது. "இப்பொழுது கண்ணாடியிலே நிழலாட்டமாய்ப் பார்க்கிறோம்" என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினாரே, அந்த நிழலாட்டத்தை நேர்மையாக வரைந்தால் இப்படித்தான் வரும் என்பது என் எண்ணம்.

விக்கிரகம் உண்டாக்க வேண்டாம் என்று வேதம் சொல்கிறதே, அதனால்தான் கிறிஸ்தவர்கள் அரூபமாக வரைகிறார்களா?

சிலர் அப்படி நினைத்து வரைகிறார்கள்; நான் அந்தக் காரணத்துக்காக வரையவில்லை. யாத்திராகமம் இருபதாம் அதிகாரம் தடுப்பது, உருவங்களை உண்டாக்கி அவற்றை நமஸ்கரித்துச் சேவிப்பதை. அதே புத்தகத்தின் முப்பத்தோராம் அதிகாரத்தில் பெசலெயேல் என்ற கைவினைஞனைத் தேவ ஆவியினால் நிரப்பினதாகக் கர்த்தரே சொல்கிறார். பிரதான ஆசாரியனுடைய அங்கியின் ஓரத்தில் இளநீலம், இரத்தாம்பரம், சிவப்பு நூல்களால் மாதுளம்பழங்கள் செய்யச் சொன்னவரும் அவரே. இளநீல மாதுளை எந்த மரத்திலும் காய்ப்பதில்லை. காண்பதை அப்படியே நகலெடுக்க வேண்டும் என்ற கட்டாயத்தை வேதம் கலைஞன்மேல் சுமத்தவில்லை என்பதற்கு எனக்கு அந்த ஒரு பழமே போதும்.

உருவப்படங்கள் பற்றிய சண்டை திருச்சபையில் நெடுங்காலம் நடந்தது. 787இல் நிசேயாவில் கூடிய சங்கம், படங்களுக்குக் கனம் செலுத்தலாம், ஆராதனையோ தேவனுக்கு மட்டுமே உரியது என்று பிரித்துச் சொன்னது. பிற்காலத்துச் சீர்திருத்தச் சபைகள் பலவும் படங்களை முழுவதுமாக அகற்றின. ஆனால் உருவத்தை நீக்கிவிட்டால் விக்கிரகமும் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். "எனக்குள் எழுந்த உணர்ச்சி" என்பதையே பீடத்தில் ஏற்றிக் கும்பிடும் ஆபத்து அரூப ஓவியனுக்கு அதிகம். என்னையும் அது பலமுறை தொட்டிருக்கிறது.

இது இருபதாம் நூற்றாண்டு மோகம்தானே? திருச்சபையின் பழைய கலையில் இப்படி ஏதாவது உண்டா?

உண்டு. கி.பி. 700ஐ ஒட்டி இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் தீவில் உருவான சுவிசேஷச் சுவடியில், எழுத்தே இல்லாத முழுப்பக்க அலங்காரங்கள் இருக்கின்றன. கம்பளம்போல் பின்னிய கோடுகளுக்குள் ஒரு சிலுவை மறைந்திருக்கும். சுவிசேஷத்தை வாசிக்கத் தொடங்குமுன் கண்ணை அமைதிப்படுத்தும் வாசற்படி என்று அவற்றை நான் எடுத்துக்கொள்கிறேன். பதினைந்தாம் நூற்றாண்டில் ஃபிளாரன்ஸ் நகரின் சான் மார்க்கோ மடத்தில், ஃபிரா ஆஞ்சலிகோ என்ற டொமினிக்கன் துறவி மரியாளையும் புனிதர்களையும் வரைந்த சுவரோவியம் ஒன்றின் கீழே, பளிங்குக்கல்லைப் போன்ற நான்கு கட்டங்களை வைத்தார். அருகில் போனால் அவை வண்ணத்தைத் தெறித்து உண்டாக்கிய புள்ளிகள்.

நவீன காலத்தில் இந்த வழியைத் திறந்தவர்களில் என் மனத்துக்கு நெருக்கமானவர் பிரான்ஸின் ஆல்ஃபிரெட் மனேசியே. 1943இல் டிராப்பிஸ்ட் துறவிகளின் மடத்தில் சில நாள் தங்கி, அவர்களுடைய இரவு ஜெபத்தைக் கேட்டவர், விசுவாசத்துக்குத் திரும்பினார். அதன்பின் பாடுகளையும் முள்முடியையும் உயிர்த்தெழுதலையும் உருவமின்றி வரைந்தார். லே ப்ரேஸூ என்ற சிற்றூர் ஆலயத்துக்கு அவர் 1948 முதல் செய்த வண்ணக் கண்ணாடிச் சாளரங்களில் ஒரு புனிதருடைய உருவமும் இல்லை. ஒளி மட்டும் நிறம் மாறி உள்ளே இறங்குகிறது.

அமெரிக்க அரூப ஓவியர்களான ரோத்கோ, நியூமன் இருவரும் யூதர்களாயிற்றே, கிறிஸ்தவ ஓவியம் பற்றிப் பேசும்போது அவர்களை ஏன் இழுக்கிறீர்கள்?

நியாயமான கேள்வி. அவர்களைக் கிறிஸ்தவர்களாக்கிக் காட்டுவது தவறு. அதை நான் செய்யமாட்டேன். ஆனால் நாம் பழகிப்போன ஒன்றை அவர்கள் புதிதாகக் கேட்டார்கள். பார்னெட் நியூமனுக்கு 1957இல் மாரடைப்பு வந்தது. மறு ஆண்டு, பூச்சுப் பூசாத வெறும் துணியில் கறுப்புப் பட்டைகளும் கோடுகளுமாக இரண்டு படங்கள் வரைந்தார். இயேசுவின் பாடுகளைப் பதினான்கு நிலைகளாகத் தியானிக்கும் சிலுவைப்பாதை என்ற எண்ணமே அப்போது அவருக்கு இல்லை. வரைந்துகொண்டு போகையில்தான் இது இன்னதென்று தெரிந்தது. 1966 வரை வரைந்து பதினான்கு நிலைகளாக முடித்து, சிலுவையில் இயேசு கூப்பிட்ட "லாமா சபக்தானி" என்ற சொற்களைத் துணைத்தலைப்பாக வைத்தார்.

சிலுவைப்பாதையில் நாம் வழக்கமாக நிகழ்ச்சிகளை எண்ணிக்கொண்டு போவோம்: இங்கே விழுந்தார், இங்கே தாயைக் கண்டார். நியூமன் நிகழ்ச்சிகளை விட்டுவிட்டார். அந்தச் சொற்களின் பொருளான "ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்ற ஒரே கேள்வியைப் பதினான்கு முறை நிறுத்தினார். பதினான்காவதில் கறுப்பு இல்லை, வெளிறிய வெண்மை மட்டும். அது ஆறுதலா, வெறுமையா என்று அவர் சொல்லவில்லை. பெரிய வெள்ளிக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் நடுவே உள்ள சனிக்கிழமையை அதைவிடச் சரியாக யாரும் வரைந்து நான் கண்டதில்லை.

மார்க் ரோத்கோ ஹூஸ்டன் நகர ஆலயத்துக்காக வரைந்தவையும் பதினான்கு. கறுப்பும் கருஞ்சிவப்பும் ஊதாவுமான பெரும் பரப்புகள் எட்டுப் பக்கச் சுவர்களில் நம்மைச் சூழ்ந்துகொள்கின்றன. 1971இல் ஆலயம் திறந்தபோது அவர் உயிரோடு இல்லை. முந்தைய ஆண்டு தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டிருந்தார். அந்தத் துயரத்தை மறைத்துவிட்டு அந்த அறையைப் பற்றிப் பேச எனக்கு மனம் வராது.

எந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று ஒரு பட்டியல் கொடுப்பீர்களா?

கொடுக்கமாட்டேன். திருவழிபாட்டு ஆண்டில் தவக்காலத்துக்கு ஊதா, பெந்தெகொஸ்தேவுக்குச் சிவப்பு, உயிர்ப்புக்கு வெள்ளை என்ற மரபு இருக்கிறது, தெரிந்துகொள்வது நல்லது. ஆனால் ஏசாயா முதல் அதிகாரத்தில் சிவப்பு பாவத்தின் நிறம். மீட்பின் இரத்தமும் சிவப்புத்தான். ஒரே நிறம் இரண்டையும் தாங்கும்போது பட்டியல் பொய்யாகிவிடும். பக்கத்தில் எந்த நிறம் இருக்கிறது, எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்பதே பொருளைத் தீர்மானிக்கும்.

ஆன்மீக வளர்ச்சியை ஓவியம் எப்படிக் காட்டும்? முதலில் இருட்டு, பிறகு வெளிச்சம் என்று வரைய வேண்டுமா?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதத் தொடங்கினேன். கீழே கறுப்பு, மேலே மஞ்சள், நடுவில் ஒரு கதிர் என்று வரைந்து "என் சாட்சி" என்று பெயரிட்ட படங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தவறொன்றுமில்லை. ஆனால் விசுவாச வாழ்க்கை அப்படி ஏணிபோல் ஏறிப்போவதாக எனக்குத் தெரியவில்லை. அது அடுக்கடுக்காகப் படிகிறது. நேற்றையதின் மேல் இன்றையது பூசப்படுகிறது, நேற்றையது அழிவதில்லை.

என் தாயார் இறந்த ஆண்டு ஒரு கான்வாஸைத் தொடங்கினேன். முதலில் செங்காவி நிறம், அதன்மேல் கோபத்தோடு பூசிய அடர்நீலம், சில மாதங்களுக்குப் பின் எல்லாவற்றையும் மூடிவிடலாம் என்று சாம்பல் கலந்த வெள்ளை. படம் அமைதியாகத்தான் இருந்தது, ஆனால் பொய்யாக இருந்தது. ஏறக்குறைய ஓராண்டு கழித்து, இடது கீழ்மூலையில் மூன்று விரல் அகலத்துக்குப் பேலட் கத்தியால் சுரண்டினேன். வெள்ளையும் நீலமும் மேடுகளிலிருந்து உரிந்து வர, துணியின் இழைகளுக்கு நடுவே இருந்த பள்ளங்களில் மட்டும் அந்தச் செங்காவி சின்னச் சின்னப் புள்ளிகளாக உட்கார்ந்திருந்தது. ஊசிமுனை அளவுதான் ஒவ்வொன்றும். அத்தனை பூச்சுக்கும் அடியில் அது ஈரம் காயாததுபோல் பளிச்சென்று இருந்தது. அந்த மூலையைப் பார்த்தபடியே அன்று நெடுநேரம் ஜெபித்தேன். உயிர்த்தெழுந்த சரீரத்திலும் தோமா விரல் வைக்கும்படி காயம் இருந்ததே என்ற நினைவு அப்போது வந்தது. படத்தை அதன்பின் நான் தொடவில்லை.

ஒரு வாழ்நாள் அளவில் இதைக் காண விரும்பினால் வில்லியம் காங்டனைப் பாருங்கள். 1912இல் பிறந்த அமெரிக்கர். இரண்டாம் உலகப் போரில் ஆம்புலன்ஸ் ஓட்டி, விடுவிக்கப்பட்ட பெர்கன்-பெல்சன் என்ற நாஜி வதைமுகாமைக் கண்ணால் கண்டவர். பின்பு நியூயார்க்கின் அரூப ஓவியர்களோடு புகழ்பெற்றார். 1959இல் இத்தாலியின் அசிசியில் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். சேர்ந்த புதிதில் வேதக் காட்சிகளை நேரடியாக வரைந்தார், சிலுவையில் தொங்கும் கிறிஸ்துவை மீண்டும் மீண்டும் வரைந்தார். ஆண்டுகள் செல்லச்செல்ல அந்த உடல் கரைந்துகொண்டே போயிற்று. கடைசி இருபது ஆண்டுகள் மிலானுக்கு அருகே ஒரு மடத்தையொட்டி வாழ்ந்து, உழுத வயலையும் பனிமூட்டத்தையும் ஓரிரு நிறப்பட்டைகளாக வரைந்தார். கிறிஸ்துவை விட்டு விலகிவிட்டார் என்று சிலருக்குத் தோன்றலாம். மண்ணிலும் மூடுபனியிலும் அவரைக் காணுமளவுக்குப் பார்வை பழகிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

எனக்கு வரையவே தெரியாது. எங்கே தொடங்குவது?

இரண்டு நிறங்களும் வெள்ளையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நிறைய நிறங்கள் இருந்தால் கலந்து கலந்து எல்லாம் சேற்று நிறமாகிவிடும். சிவப்பும் பச்சையும் சந்தித்தாலே பழுப்புத்தான். ஒரு சங்கீதத்தை ஒரு வாரம் முழுவதும் வாசியுங்கள். அதில் வரும் மேய்ப்பனையோ கன்மலையையோ வரைய முயலாமல், வாசிக்கும்போது மூச்சு எங்கே வேகமாகிறது, எங்கே அடங்குகிறது என்று கவனித்து, அந்த வேகத்தில் தூரிகையை நகர்த்துங்கள்.

நீரில் கலக்கும் அக்ரிலிக் வண்ணம் விரைவில் காய்ந்துவிடும். அடுக்கடுக்காகப் பூசிப் பழகுவதற்கு அதுவே வசதி. எண்ணெய் வண்ணம் காய நாள்கணக்காகும். அதில் அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேற்பூச்சில் கூடுதலாகவும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மேற்பூச்சு முன்னதாக இறுகி வெடிக்கும். அக்ரிலிக்கின்மேல் எண்ணெய் வண்ணம் பூசலாம். எண்ணெயின்மேல் அக்ரிலிக் பூசக்கூடாது, பிடிக்காமல் உரிந்துவிடும். காய்வதற்குக் காத்திருக்கும் நேரமும் வரைகிற நேரம்தான். என் ஜெபத்தில் பெரும்பகுதி அந்தக் காத்திருப்பில்தான் நடக்கிறது.

படத்தில் வசனத்தை எழுதிவிட்டால் எல்லாருக்கும் புரியுமே?

புரிந்துவிடும், அதோடு பார்ப்பதையும் நிறுத்திவிடுவார்கள். எழுத்தைக் கண்டதும் கண் வாசிக்கத் தொடங்கிவிடுகிறது. வசனம் வேண்டுமானால் தலைப்பாக வையுங்கள், அல்லது கான்வாஸின் பின்புறம் எழுதுங்கள். நான் பின்புறம்தான் எழுதுகிறேன்.

ஜெபித்துவிட்டு வரைந்தால் பரிசுத்த ஆவியானவரே கையைப் பிடித்து வரைவாரா? அப்படி வரைந்ததை மாற்றலாமா?

ஆவியானவர் வழிநடத்துகிறார் என்று விசுவாசிக்கிறேன். ஆனால் "இது அவர் வரைந்தது" என்று சொல்லிவிட்டால், அந்தப் படத்தை யாரும் விமர்சிக்க முடியாது. நாமும் கற்றுக்கொள்ள முடியாது. மேலே சொன்ன பெசலெயேலைக் கவனியுங்கள். ஆவியால் நிரப்பப்பட்டபோது அவன் பெற்றவை ஞானம், புத்தி, அறிவு, வேலைத்திறன். அதன்பிறகும் பொன்னை அடித்து நீட்டியது அவன் கைதான். மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததும் அவன்தான்.

ஆகவே தாராளமாக மாற்றலாம். ஆராதனை நேரத்தில் வரைந்த படத்தை மறுநாள் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். தீர்க்கதரிசனம் என்று சொல்லப்படுவதையே நிதானித்துப் பார்க்கச் சொல்கிறது வேதம். ஓவியத்துக்கு விலக்கு எதற்கு?

நான் சமாதானத்தை நினைத்து வரைந்தேன், பார்த்தவர் பயமாக இருக்கிறது என்றார். என் படம் தோற்றுவிட்டதா?

உடனே முடிவுகட்ட வேண்டாம். எந்த இடத்தில் பயம் வந்தது என்று அவரிடம் கேளுங்கள். சில நேரம் அவர் தம் துக்கத்தைப் படத்தின்மேல் வைத்துப் பார்த்திருப்பார், அது அவருக்கும் தேவனுக்கும் நடுவே உள்ள காரியம். சில நேரம் நாம் மறைத்ததை அவர் கண்டிருப்பார். என் வெள்ளைப் படத்தை முதலில் பொய் என்று உணர்த்தியது ஒரு சிறுமி. "இதற்குள்ளே யாரோ ஒளிந்திருக்கிறார்கள்" என்றாள்.

விசுவாசம் வறண்டு கிடக்கிற நாட்களில் வரைவது வேடமாகாதா?

வறட்சியில் பூசிய பொன்மஞ்சள் வேடம். வறட்சியையே வரைந்தால் அது ஜெபம். எண்பத்தெட்டாம் சங்கீதம் கடைசி வரியிலும் ஆறுதல் சொல்லாமலே முடிகிறது. ஆனாலும் அதை வேதத்திலிருந்து யாரும் நீக்கவில்லை. நியூமனின் கேள்வியும் அதே வரிசையில் நிற்கிறது.

என்ன ஜெபிப்பதென்று நாம் அறியாதிருக்கும்போது, ஆவியானவர் "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் எட்டாம் அதிகாரம் சொல்கிறது. சொல்லுக்கு அடங்காத ஜெபம் ஒன்று உண்டென்று வேதமே ஒப்புக்கொள்ளும் அந்த இடத்தில்தான் என் வேலைக்கு நான் அனுமதி பெறுகிறேன். ஒன்றும் வராத நாளில் ஒரே சாம்பல் நிறத்தை மட்டும் பூசிவிட்டு எழுந்த நாட்கள் எனக்கு உண்டு. அந்தச் சாம்பல் பின்னர் நல்ல அடிப்பூச்சாயிற்று.

எங்கள் ஆலயத்தில் ஓர் அரூப ஓவியம் மாட்ட ஆசைப்படுகிறோம், மூத்தவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. என்ன செய்வது?

அவர்களை அறியாதவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தில் 2007இல் ஓவியர் கெர்ஹார்ட் ரிஷ்டர் அமைத்த சாளரத்தில் 72 நிறங்களில் ஏறக்குறைய 11,500 கண்ணாடிச் சதுரங்கள் இருக்கின்றன, உருவம் ஒன்றுமில்லை. அந்நகரப் பேராயரே அது தங்கள் ஆலயத்துக்குப் பொருந்தவில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார். ஆலயம் எல்லாருக்கும் உரிய இடம். அங்கே ஜெபிக்க வருகிறவர் பழகிய அடையாளத்தைத் தேடுவது இயல்பு.

பலிபீடத்துக்கு நேர்மேலே மாட்ட வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். பக்கச் சுவரில், தவக்காலம் முடியும்வரை மட்டும், ஒரு நாற்காலியோடு வையுங்கள். விளக்கவுரை ஒட்டாதீர்கள். மறுத்த மூத்தவரையே முதலில் அந்த நாற்காலியில் உட்காரச் சொல்லி, எங்கே கண் நின்றது என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் தவக்காலம் முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

படம் முடிந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

நான் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிடுவேன், குறைந்தது மூன்று வாரம். பிறகு காலை வெளிச்சத்தில் திருப்பும்போது, "இந்த இடத்தைக் கொஞ்சம் சரிசெய்தால் அழகாக இருக்கும்" என்று கை பரபரத்தால், அந்த ஆசையைச் சந்தேகிப்பேன். அது பெரும்பாலும் மறைப்பதற்கான ஆசை. "இந்த இடம் உண்மையில்லை" என்று மனம் உறுத்தினால் மீண்டும் கத்தியை எடுப்பேன். இரண்டும் இல்லாமல் அதன்முன் சும்மா உட்கார்ந்திருக்க முடிந்தால், பின்புறம் வசனத்தையும் தேதியையும் எழுதிவிடுவேன்.